கெளுத்திக்கு எந்தத் தூண்டில்?

குட்டீஸ்! இந்த லீவுக்குத் தூண்டில் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் தூண்டிலைக் கடையில் பார்த்தவுடன் வாங்கிவிட்டால், காசும் போகும், மீனும் போகும். சில சமயம் வாயில் முள்ளோடும், பின்னால் ஒரு முழம் நரம்போடும் மீன் ஓடிவிடும். பாவம், அப்புறம் அது எப்படிச் சாப்பிடும்?

அதனால், தூண்டில் வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, எந்தத் தண்ணீர்? இரண்டு, எந்த மீன்? இதற்குப் பதில் தெரிந்தால் கம்பு, ரீல், நரம்பு மூன்றையும் தேர்ந்தெடுப்பது சுலபம். வாருங்கள், பழனி மலைக்கு ஒரு நடை போய்வருவோம்!

ஒரு மலை, இரண்டு தண்ணீர்

கொடைக்கானல் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர் பரப்பு. இது இயற்கையாக உண்டான ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ம் ஆண்டு ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. இந்த ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான், மலைப்பாதையில் நாம் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி!

ஏரி இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில். கோடையிலும் தண்ணீர் 'சில்'லென்று இருக்கும். இங்கே பேர்பெற்ற மீன் சாதாக் கெண்டை. அது குளிரைத் தாங்கும்.

மலையில் பெய்யும் மழை தெற்கே மஞ்சளாறு வழியாக வைகைக்குப் போகிறது. வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று இறங்கிப் பழனிப் பக்கம் வருகிறது. அடிவாரத்தில் மஞ்சளாறு அணை, பாலாறு - பொருந்தலாறு அணை, வரதமாநதி அணை என்று வரிசையாக அணைகள். இங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. அடியில் சேறு, பாறை, மூழ்கிய மரக்கட்டை. கெளுத்திக் கூட்டத்துக்குப் பிடித்த இடம் இப்படிப்பட்ட தண்ணீர்தான்.

மலை ஒன்றுதான். ஆனால், மேலே ஒரு மீன், கீழே ஒரு மீன். மேலே போட்ட தூண்டில் கீழே உதவாது!

மீசை வைத்ததெல்லாம் கெளுத்தியா?

இல்லை! சாதாக் கெண்டைக்கும் வாய் ஓரத்தில் நான்கு குட்டி மீசைகள் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க உடம்பைப் பாருங்கள். கெண்டைக்குச் செதில் இருக்கும். கெளுத்தி இனத்துக்குச் செதிலே கிடையாது. வழுவழுவென்று தோல்தான்.

அந்தத் தோலில் ஓர் அதிசயம் இருக்கிறது. நமக்கு நாக்கில்தான் சுவை மொட்டுகள். கெளுத்திக்கோ மீசையிலும் உடம்பு முழுவதிலும் சுவை மொட்டுகள்! கலங்கிய தண்ணீரில், கும்மிருட்டில், கண்ணால் பார்க்காமலேயே இரையை 'ருசி' பார்த்துத் தேடி வந்துவிடும். அதனால்தான் மண்புழு போல வாசனையும் ருசியும் உள்ள இரையைத் தரையோடு தரையாகப் போட வேண்டும். தண்ணீரின் அடியில் இரை நிற்க, ஈயக்குண்டு தேவை.

நம் ஊர் நீர்நிலைகளில் இந்த இனத்தில் பலவகை உண்டு. சாணளவு வளரும் சின்னக் கெளுத்தி. முள் குத்தினால் தேள் கொட்டியது போல வலிக்கும் தேளி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வாளை. வாளையின் அகன்ற வாயில் கூர்மையான குட்டிப் பற்கள் நிறைய இருக்கும்.

வாளை மேலே விழும் பொருளையும் 'லபக்'கென்று கவ்வும். இதை நம் முன்னோர் அன்றே கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 8-வது பாடலில், வயலோர மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்வுவதாகப் பாடியிருக்கிறார் ஆலங்குடி வங்கனார்.

சாணளவு மீனுக்கும், ஒரு மீட்டர் மீனுக்கும் ஒரே தூண்டில் சரிப்படுமா? இனி ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம்.

கம்பு: வளைய வேண்டும், முறியக் கூடாது

பழைய காலத்துக் கம்பு மூங்கில். இன்றும் சின்னக் கெளுத்திக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நன்றாகக் காய்ந்த, நுனி மெலிந்த 8 முதல் 10 அடி மூங்கில் போதும். ரீலே வேண்டாம். ஒரு நுணுக்கம்: நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், கம்பின் நடுவிலிருந்தே சுற்றிக்கொண்டு வந்து நுனியில் முடிச்சுப் போடுங்கள். நுனி முறிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது.

இரண்டாவது வகை கண்ணாடி இழைக் கம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரபலமானது. கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால், கீழே போட்டாலும், கல்லில் இடித்தாலும் சீக்கிரம் உடையாது. விலையும் குறைவு.

மூன்றாவது வகை கார்பன் இழைக் கம்பு. 1970-களில் கடைக்கு வந்தது. இறகு போல லேசு. மீன் இரையைத் தொட்டாலே கைக்குத் தெரியும். ஆனால், பக்கவாட்டில் அடிபட்டால் முறியும். இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. கார்பன் வழியாக மின்சாரம் பாயும்! மின்கம்பி போகும் இடத்தில் இந்தக் கம்பைத் தூக்கவே கூடாது. இடி, மின்னல் வந்தால் கீழே வைத்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். ஈர மூங்கிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முதன்முதலாக வாங்கும் சிறுவர்களுக்குக் கண்ணாடி இழைக் கம்புதான் ஏற்றது.

எத்தனை அடி நீளம்? பெரியதாக இருந்தால் பெரிய மீன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு நீளக் கம்பின் நுனியில் அரைக் கிலோ சர்க்கரைப் பையைத் தொங்கவிட்டு, மறுமுனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அரைக் கிலோதான், ஆனால் மணிக்கட்டு வலிக்கும். இது நெம்புகோல் தத்துவம். கம்பு நீள நீள, மீனின் கை ஓங்கும்! உங்கள் வயதுக்கு 6 முதல் 7 அடி போதும்.

அப்படியானால் கம்பு எதற்கு? வளைவதற்குத்தான்! மீன் 'விசுக்'கென்று இழுக்கும்போது கம்பு வளைந்து, அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறதே, அதே வேலை. வளையாத கம்பு நரம்பை அறுத்துவிடும். கெளுத்திக்கு, நுனி வளைந்து அடிப்பாகம் உறுதியாக நிற்கும் கம்பாகப் பாருங்கள்.

ரீல்: நூற்பாலை தந்த யோசனை

ரீல் புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறீர்களா? சீன ஓவியர் மா யுவான் 1195-ம் ஆண்டு வாக்கில் வரைந்த ஓவியத்தில், படகில் இருக்கும் மீனவர் கையில் ரீல் வைத்திருக்கிறார்!

ஆனால், இன்று கடைகளில் அதிகம் விற்கும் ரீல் பிறந்தது 1905-ல். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஜவுளி ஆலை அதிபர் ஆல்பிரட் இல்லிங்வொர்த் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் பாபினிலிருந்து நூல் எப்படி வரும்? பாபின் சுற்றாது. அதன் நுனி வழியாக நூல் வழுக்கிக்கொண்டு உருவி வரும். அதே முறைதான் இதிலும். நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்கும். தூண்டிலை வீசும்போது நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். சிக்கல் விழுவது குறைவு. அதனால், பழகுபவர்களுக்கு இதுதான் நல்லது.

இன்னொரு வகை, உருளையே சுற்றும் ரீல். பலம் அதிகம். ஆனால், வீசும்போது கட்டைவிரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரீல் மேல் 2500, 3000, 4000 என்று எண் போட்டிருக்கும். எண் கூடினால் அளவும் கூடும். ஒன்றிரண்டு கிலோ கெளுத்திக்கு 3000 போதும். '5:1' என்று இருந்தால், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பு 5 சுற்றுச் சுற்றும் என்று அர்த்தம்.

ரீலில் மிக முக்கியம் 'டிராக்' என்ற திருகு. இது ஒரு பிரேக். மீன் அளவுக்கு மீறி இழுத்தால், நரம்பு அறுவதற்கு முன்பே ரீல் 'டிர்ர்ர்' என்று நரம்பை விட்டுக்கொடுக்கும். மீன் ஓடி ஓடிக் களைக்கும். பிறகு நீங்கள் மெல்லச் சுற்றலாம். டிராக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்? நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் இறுக்கினால் பிரேக் இருந்தும் பயனில்லை.

நரம்பு: மெல்லியது, ஆனால் முதலாளி!

மீனுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது நரம்பு மட்டும்தான். 'தங்கூசி' என்றும் சொல்வார்கள். முற்காலத்தில் குதிரை வால் முடியைத் திரித்தார்கள். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை அப்படியே இழுத்து நீட்டியும் நரம்பு செய்தார்கள். 1935-ல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்தார்கள். 1938-ல் அது முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷாகக் கடைக்கு வந்தது. பிறகு தூண்டில் நரம்பையும் பிடித்துக்கொண்டது!

இன்று இரண்டு வகை நரம்பு கிடைக்கிறது. ஒற்றை இழை நைலான் ரப்பர் போலக் கொஞ்சம் நீளும். அதனால் திடீர் இழுப்பைத் தாங்கும். பாறையில் உரசினாலும் சமாளிக்கும். பல இழைகளைப் பின்னிச் செய்யும் நரம்பு அநேகமாக நீளாது. அதே தடிமனில் நைலானைவிடப் பலம் அதிகம். ஆனால், பாறையில் உரசினால் சீக்கிரம் பிய்யும். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் விரலை அறுத்துவிடும்! பாறையும் கட்டையும் நிறைந்த அடிவார அணைகளில், சிறுவர்களுக்கு நைலான்தான் சரி.

இப்போது ஒரு கணக்கு. 0.2 மி.மீ. நரம்புக்குப் பதில் 0.4 மி.மீ. நரம்பு வாங்கினால் பலம் எத்தனை மடங்காகும்? இரண்டு மடங்கு என்றால் தவறு! நான்கு மடங்கு. ஏனென்றால் பலம், நரம்பை வெட்டிப் பார்த்தால் தெரியும் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு.

நரம்பின் பலத்தைப் பெட்டியில் பவுண்டுக் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு பவுண்டு சுமார் 450 கிராம். 12 பவுண்டு நரம்பு ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ இழுப்பைத் தாங்கும். டிராக்கை ஒன்றரைக் கிலோ அளவுக்கு வைத்தால் போதும்.

"ஒன்றரைக் கிலோ இழுப்பில் இரண்டு கிலோ மீன் வருமா?" என்று கேட்பீர்கள். வரும்! தண்ணீருக்குள் மீனை நீரே தாங்குகிறது. அதன் எடை நம் கைக்குத் தெரியாது. அது நீந்தி இழுக்கும் வேகத்தைத்தான் நாம் சமாளிக்கிறோம். தண்ணீரை விட்டு மேலே தூக்கும்போதுதான் முழு எடையும் நரம்பில் தொங்கும். கரைக்கு வந்த மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். அதனால் பெரிய மீனைத் தொங்கவிட்டுத் தூக்காமல், கைவலையால் அள்ள வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

தையல் நூல் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றின் நடுவில் ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுங்கள். எது முதலில் அறுகிறது? பெரும்பாலும் முடிச்சுப் போட்டதுதான், அதுவும் முடிச்சு இருக்கும் இடத்திலேயே!

தூண்டிலும் ஒரு சங்கிலி. கம்பு, ரீல், நரம்பு, முடிச்சு, முள் என்று ஐந்து கண்ணிகள். நான்கு கண்ணி பலமாக இருந்தாலும், பலவீனமான ஐந்தாவதில்தான் அது அறும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ரீல் வாங்கிவிட்டு முடிச்சைச் சரியாகப் போடாவிட்டால் அத்தனையும் வீண். முடிச்சை இறுக்கும் முன் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலமிழக்கும்.

எந்த மீனுக்கு எது?

சின்னக் கெளுத்தி: 8 - 10 அடி மூங்கில். ரீல் தேவையில்லை. 4 - 6 பவுண்டு நரம்பு. தக்கை, சின்ன ஈயக்குண்டு, மண்புழு.

ஒன்றிரண்டு கிலோ கெளுத்தி: 6 - 7 அடி கண்ணாடி இழைக் கம்பு. 3000 அளவு ரீல். 12 பவுண்டு நைலான். நடுவில் துளையுள்ள ஈயக்குண்டு. மீன் இரையை இழுக்கும்போது நரம்பு அந்தத் துளை வழியாக ஓடும். குண்டின் கனம் மீனுக்குத் தெரியாது.

வாளை: பெரியவர்கள் வேலை! 7 - 8 அடி உறுதியான கம்பு, 4000 அல்லது 5000 அளவு ரீல், 20 பவுண்டுக்கு மேல் நரம்பு. வாளையின் பல் அறுக்காமல் இருக்க, முள்ளுக்கு முன் ஒரு முழம் தடித்த நரம்பு. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள மீன்களில் வாளையும் ஒன்று. பிடித்தால் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுவதே பெருமை.

சாதாக் கெண்டை: இரண்டாவது தூண்டிலே போதும். முள்ளை மட்டும் சிறியதாக்கி, மண்புழுவுக்குப் பதில் மாவு உருண்டை வையுங்கள்.

கம்பின் அடிப்பாகத்திலும் '6 - 12 பவுண்டு' என்பது போல எழுதியிருக்கும். அந்த அளவுக்கு மேற்பட்ட நரம்பைப் போடக் கூடாது. நரம்பு அறுவதற்குப் பதில் கம்பு முறியும்!

முள்ளில் 'வட்ட முள்' என்று ஒரு வகை உண்டு. அதன் நுனி உள்பக்கம் வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும். வயிற்றுக்குள் குத்தாது. கழற்றி விடுவதும் சுலபம்.

இதையெல்லாம் மறக்காதீர்கள்!

* பெரியவர் துணையில்லாமல் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. கொடைக்கானல் மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே கும்பக்கரை அருவியில் வெள்ளம் திடுமென வந்துவிடும்.

* அணை, ஏரி எதுவானாலும் முதலில் அனுமதி கேளுங்கள். பல அணைகளில் மீன்பிடிக்கும் உரிமை மீனவர் சங்கங்களுக்கோ, குத்தகைதாரருக்கோ இருக்கும். அது அவர்களுடைய பிழைப்பு.

* கெளுத்தியின் முதுகிலும், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முள் உண்டு. பயந்தால் அதை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் விரலை வைத்துவிட்டு, டாக்டரிடம் போங்கள்.

* ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று ஒன்று உண்டு. காற்றைச் சுவாசிக்கும். மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும். இந்திய அரசு 2000-ம் ஆண்டிலேயே இதை வளர்க்கத் தடை போட்டது. இது மாட்டினால் வேறு எந்தக் குளத்திலும், ஏரியிலும் விட்டுவிடாதீர்கள். பெரியவரிடம் ஒப்படையுங்கள். எந்த மீனையும் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்றக் கூடாது.

* அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். நைலான் மட்காமல் பல ஆண்டுகள் கிடக்கும். கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு, பறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். ஓர் அட்டையில் சுற்றி எடுத்து வந்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

* வெயிலில் கிடந்தால் நைலான் நைந்துபோகும். நிழலில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

1897-ம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. ஏன் தெரியுமா? வெடியும் விஷமும் குஞ்சு, சினை மீன் என்று பார்க்காது. மொத்தமாக அழித்துவிடும். தூண்டில் அப்படியல்ல. ஒரு நேரத்தில் ஒரே மீன். வேண்டாமென்றால் திருப்பி விட்டுவிடலாம். ஆனால், அந்த ஒரு மீன் முள்ளோடு அறுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

என்ன குட்டீஸ், இனி கடைக்குப் போனால் "எது பெரிய தூண்டில்?" என்று கேட்க மாட்டீர்கள்தானே? "எந்தத் தண்ணீர்? எந்த மீன்?" என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் கம்பே போதும் என்று தெரிந்தால், அப்பாவுக்கும் செலவு மிச்சம்!